வேலிக்குள் வெள்ளை முகங்கள்

சனிக்கிழமை மத்தியானம் ஃபூஃபூக் களி கிண்டிக்கொண்டிருக்கும்போது யாராவது வந்தால் எனக்குப் பிடிக்காது. கை ஓய்ந்தால் மாவு கட்டி தட்டிவிடும். கெசையா பிராட்டுக்கு அது நன்றாகத் தெரியும், தெரிந்துதான் வருவாள். எழுந்து போக முடியாத நிலையில் ஒருத்தி அகப்பட்டால் அவளுக்கு அதைவிடச் சுகம் கிடையாது. அன்றைக்கு அடைமழை. குடையை வாசலில் வைக்காமல் அப்படியே உள்ளே கொண்டுவந்து, என் பலகைத் தரையெல்லாம் சொட்டச் சொட்ட அடுப்படியில் வந்து நின்றாள். முகத்தில் துக்கம் இருந்தது. துக்கத்துக்குப் பின்னால் ஒரு சந்தோஷமும் இருந்தது. சபையில் யார் வீட்டிலாவது ஏதாவது நடந்துவிட்டால் அவள் முகம் அப்படித்தான் ஆகும்.

"தொற்காள், முதல்ல உக்காரு."

"உக்காந்தா இதை யாரு கிண்டுறது? சும்மா சொல்லு."

"என் கண்ணால பாத்தேன்டி. அந்த மலைப் பள்ளிக்கூடத்து வேலி இடுக்கு வழியா. நம்ம பிள்ளைங்க முகமெல்லாம் வெள்ளை, கையெல்லாம் வெள்ளை. தலையில துணி. ஒருத்தி பின்னால ஒருத்தியா நடந்து போறாளுக. ஒரு பேச்சு மூச்சு இல்ல. உன் லவினியாவும் அதுல போறா."

"வெள்ளைன்னா?"

"வெள்ளைன்னா வெள்ளை. பூசி விட்டிருக்கு." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "போந்தோடி அது."

மலைக்கு அந்தப் பக்கம், படகில் ஆற்றோடு போனால் வரும் ஊர்களில், போந்தோ என்பது பெண்களின் சங்கம். பெண்பிள்ளைகளைக் காட்டோரத்தில் வேலி கட்டி உள்ளே வைத்து, உடம்பில் வெள்ளைக் களிமண் பூசி, பழைய பேரை எடுத்துவிட்டுப் புதுப் பேர் வைத்து, பாட்டும் வேலையும் சொல்லிக் கொடுத்துப் பெரியவர்களாக்கி வெளியே கூட்டிவருவார்கள். உள்ளே நடப்பதை வெளியே சொல்லக் கூடாது என்று சத்தியம் உண்டு. ஃப்ரீடவுனில் எங்களைப் போன்ற சபைக்காரக் குடும்பங்களில் அந்த வார்த்தையைச் சொன்னாலே வாயைக் கொப்பளித்துவிட்டு வா என்பார்கள். அதெல்லாம் உள்நாட்டுக்காரர்கள் சமாச்சாரம். நாங்கள் ஞானஸ்நானம் வாங்கியவர்கள், வீட்டில் பியானோ வைத்திருப்பவர்கள், லண்டனிலிருந்து தொப்பி வரவழைப்பவர்கள். வாசிக்கத் தெரியாவிட்டாலும் பியானோ இருக்கும்.

அந்தப் பள்ளிக்கூடத்தின் மேல் ஊருக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம்தான். மிஸ் லெட்டீஷியா தார்ப் எங்கள் ஊர்ப் பெண்தான், அப்பா கடை வைத்திருந்தவர். இங்கிலாந்துக்குப் போய்ப் படித்துவிட்டுத் திரும்பும்போது ஒரு புருஷனோடு வருவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். பெட்டி பெட்டியாகப் புத்தகத்தோடு வந்தாள். ஆண்பிள்ளைகளுக்குப் பெரிய பள்ளிக்கூடம் வந்து இத்தனை காலமாகிவிட்டது, தையலும் சங்கீதமும் முடித்த பெண்பிள்ளை மட்டும் ஏன் வீட்டில் உட்கார வேண்டும் என்று வீடு வீடாக ஏறி இறங்கினாள். லத்தீனும் கணக்கும் சொல்லித் தருவேன், ஆண்பிள்ளைகள் எழுதும் அதே தேர்வை இவர்களும் எழுதுவார்கள், கேள்வித்தாள் கப்பலில் வரும் என்றாள். அதுவரைக்கும் சரி. பிறகு மலைச்சரிவில் இடம் பிடித்து ஆள் உயரத்துக்கு மேல் மூங்கில் வேலி போட்டாள். பிள்ளைகள் உள்ளேயே தங்க வேண்டும், கிறிஸ்துமஸ் வரைக்கும் தாய் தகப்பன் பார்க்க வரக் கூடாது, வீட்டுச் சாப்பாடு கூடாது, காதிலும் கழுத்திலும் ஒன்றும் போடக் கூடாது என்றாள். அங்கேதான் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"யோசிச்சுப் பாரு," என்றாள் கெசையா. "வேலி. பாக்க விட மாட்டா. தோட்டைக் கழட்டியாச்சு. பேரை மாத்தியாச்சு. உன் பிள்ளையை லவினியான்னா கூப்பிடுறா? உன் புருஷன் குடும்பப் பேரைச் சொல்லி ஃபாக்னர், ஃபாக்னர்னு கூப்பிடுறா. விடியுமுன்ன பச்சைத்தண்ணில குளியல். போந்தோவிலயும் பேரை வச்ச அன்னிக்கு மறுநாள்தான் அந்தக் குளியல். இதுக்கு மேல என்னடி வேணும்? நாளைக்குக் காலை ஆராதனை முடிஞ்சதும் சபையோட வேத வகுப்பு அறையில எல்லாப் பொம்பளைங்களும் கூடுறோம். அங்கேருந்து நேரா மலைக்குப் போய் அவங்கவங்க பிள்ளையை இழுத்துட்டு வர்றோம். நீ நம்ம வேத வகுப்புத் தலைவி. நீ முன்னால நடக்கணும்."

அவள் போன பிறகு மாவு கட்டி தட்டிவிட்டிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கெசையா சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. வேலி சரி, பேர் சரி, குளியல் சரி, வெள்ளைப் பூச்சு சரி. எப்படித் தெரியும் என்றால், நானும் அந்த வேலிக்குள் இருந்தவள்.

இதை என் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை. கப்பல் தச்சர் அவர், நல்ல மனிதர், கேட்காததைச் சொல்லி அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்தேன். பிறகு அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் ஆற்றங்கரை ஊர்ப் பெண். போந்தோவிலிருந்து வெளியே வந்து ஒரு அறுவடைகூட ஆகவில்லை, என் மாமன் என்னை ஃப்ரீடவுனில் மக்ஃபாய் அம்மா வீட்டில் வளர்ப்புப்பிள்ளையாகக் கொண்டுவந்து விட்டார். அந்த அம்மா எனக்குத் தொற்காள் என்று பேர் வைத்து, பைபிளில் வரும் தொற்காள் மாதிரியே கையில் ஊசியையும் கொடுத்தாள். அவர்கள் குடும்பத்தோடு லாகோஸுக்குக் கப்பல் ஏறியபோது, நான் யார் என்று தெரிந்தவர்கள் இந்த ஊரில் யாரும் இல்லாமல் போனார்கள். அம்மாவின் தூரத்துச் சொந்தம் என்று சொல்லிக்கொண்டேன். சொல்லிச் சொல்லி அதுவே நிஜமாகிவிட்டது. இன்றைக்கு நான் தைத்த கவுன் இல்லாமல் எங்கள் சபையில் ஒரு கல்யாணம் நடக்காது. உள்ளதை ஒளித்து வைத்திருப்பவளுக்கு ஊரில் எல்லோர் மேலும் சந்தேகம். யார் என்னைப் பார்த்துச் சிரித்தாலும் எதற்குச் சிரித்தாள் என்று ராத்திரிவரை யோசிப்பேன்.

போந்தோவைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். சத்தியம் ஒரு பக்கம் இருக்கட்டும். அங்கே பாட்டு இருந்தது, சிரிப்பு இருந்தது, வலியும் இருந்தது. அந்த வலி என் மகளுக்கு வேண்டாம். அது ஒன்றுதான் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. கெசையா சொன்னது நிஜமாக இருந்தால் நாளைவரை காத்திருக்க முடியாது. ஃபூஃபூவை உருட்டி, கசப்புக்கீரைக் குழம்பை ஒரு கலயத்தில் ஊற்றி, துணியால் வாயைக் கட்டிக்கொண்டு மழையோடு கிளம்பினேன்.

மலைப்பாதை செம்மண் குழம்பாக இருந்தது. வேலிக் கதவைத் தட்டியபோது காவல்காரக் கிழவர் பா சோரி திறந்தார். ஆம்பிளை. போந்தோ வேலிக்குள் ஆம்பிளை கால் வைக்க மாட்டான், வைத்தால் நோய் பிடிக்கும் என்பார்கள். பாதி உயிர் வந்தது. ஆனால் மறுபாதி சும்மா இருக்குமா? ஊரை ஏமாற்றத்தான் வாசலில் ஒரு கிழவரை உட்கார வைத்திருக்கிறாள் என்றது.

"சாப்பாடு உள்ள போகாது, அம்மா," என்றார் பா சோரி. கண் கலயத்தின் மேலேயே இருந்தது. "வேணும்னா நான் வச்சுக்கிறேன்."

"நீங்க வச்சுக்கிட்டா அது எந்த உள்ள போகும்னு எனக்குத் தெரியும். மிஸ்ஸைக் கூப்பிடுங்க."

மிஸ் தார்ப் வந்தாள். நான் ஒரு அடி பின்னால் வைத்துவிட்டேன். முழங்கைவரை வெள்ளை. நெற்றியில் வெள்ளை. தலையில் இறுக்கக் கட்டிய துணி. இரண்டு கையிலும் ஒவ்வொரு வாளி. அவளுக்குப் பின்னால் தாழ்வாரத்தில் பிள்ளைகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள், வாயை மூடிக்கொண்டு, முகமெல்லாம் வெளுத்து. நான் சிறுமியாக நின்ற இடத்திலேயே மறுபடி கொண்டுவந்து நிறுத்தின மாதிரி இருந்தது.

அப்போது நான் என் கையால் ஒன்று செய்தேன். என்ன என்று சொல்ல மாட்டேன். வெளியே பார்ப்பவர்களுக்கு ஈ விரட்டுவது போல இருக்கும். வேலிக்குள் இருந்த பெண்ணானால் அதற்குப் பதில் செய்வாள். யோசித்துச் செய்வதில்லை அது. மனசுக்குத் தெரியும் முன்னால் கை செய்துவிடும். அவ்வளவு பழக்கியிருப்பார்கள்.

மிஸ் தார்ப் வாளிகளைக் கீழே வைக்காமல் என் கையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னக்கா, கையில சுளுக்கா? மழைல வழுக்கிட்டீங்களா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கலயத்தைப் பா சோரியிடமே கொடுத்துவிட்டேன்.

உள்ளே கூட்டிப்போய்க் காட்டினாள். பெரிய கூடம். சுவர் பாதி வெள்ளை, பாதி பச்சைப் பாசி. கிளிஞ்சல் சுண்ணாம்பு, வேறொன்றும் இல்லை. தேர்வு நடத்த வருகிற பாதிரியார், கூடம் சுத்தமாகவும் வெளிச்சமாகவும் இருந்தால்தான் அனுமதி என்று சொல்லிவிட்டாராம். வெள்ளையடிக்கப் பேசி வைத்த ஆட்கள் வேலிவரை வந்து, உள்ளே முழுக்கப் பெண்கள் என்று கேள்விப்பட்டதும், இது போந்தோ வேலி, நாங்கள் காலை வைக்க மாட்டோம் என்று சுண்ணாம்பு பூசும் மட்டையைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார்களாம்.

"அவங்க ஓடினதால நாங்க பூசினோம். நாங்க பூசினதைப் பாத்து ஊரு போந்தோங்குது," என்றாள். "வாயைத் திறந்தா சுண்ணாம்பு நாக்கைப் பொத்துடும். அதான் பேசாம நடங்கடின்னேன். அதுவும் குத்தமாப் போச்சு."

லவினியா சாரத்தின் மேல் நின்றுகொண்டிருந்தாள். பாவாடையை முழங்காலுக்கு மேல் சொருகியிருந்தாள். வீட்டில் ஒரு டம்ளரைக் கழுவச் சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறவள். என்னைப் பார்த்ததும் ஓடி வருவாள் என்று நினைத்தேன். அவள் கீழே பார்த்து, "ஐயோ அம்மா, ஏன் வந்தீங்க? வரக் கூடாதே," என்றாள். அவள் பக்கத்தில் ஒரு சின்னச் சதுரம் மட்டும் பூசாமல் விட்டிருந்தது. அதில் கரித்துண்டால் முக்கோணமும் கோடுகளும்.

"இது ஏன் விட்டிருக்கு?"

"என் கணக்கு. இன்னும் நிரூபிச்சு முடியல. முடிக்கிற வரைக்கும் அதை அழிக்க மாட்டேன்னு மிஸ் சொல்லியிருக்காங்க." சொல்லும்போது அந்தக் கோடுகளைப் பார்த்தாள், நான் தொட்டிலில் அவளைப் பார்த்தது போல. எனக்குப் பொறாமையாக இருந்தது. அதுதான் உண்மை. போந்தோவிலாவது தாய்மார் வேலிக்கு வெளியே சோறு கொண்டுவந்து வைப்பார்கள், உள்ளே பாடுகிற பாட்டு அவர்களுக்கும் தெரிந்த பாட்டாக இருக்கும். இங்கே என் மகள் பேசுகிற பாஷையில் எனக்கு ஒரு எழுத்து தெரியாது. வெளியே வரும்போது என்னை எந்தக் கண்ணால் பார்ப்பாள்? கெசையாவோடு சேர்ந்து நாளைக்கே இழுத்துக்கொண்டு போய்விடலாம், நல்ல சாக்கு கிடைத்திருக்கிறது என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அவள் மறுபடி மட்டையை எடுத்துச் சதுரத்தின் ஓரத்தில் கோடு தாண்டாமல் மெதுவாகப் பூசத் தொடங்கினாள். அந்தக் கையை எங்கே இழுத்துக்கொண்டு போவது?

கதவுவரை மிஸ் தார்ப் கூட வந்தாள். கெசையா போட்ட திட்டத்தைச் சொன்னேன்.

"நாளைக்கு நாலு பேர் பிள்ளையைக் கூட்டிட்டுப் போனா, திங்கக்கிழமை எல்லாரும் வந்துடுவாங்க. கேள்வித்தாள் வந்த கப்பல்லயே திரும்பிப் போகும். அப்புறம் இந்த ஊர்ல பொம்பளைப் பிள்ளைக்கு எவளும் பள்ளிக்கூடம் ஆரம்பிக்க மாட்டா. நீங்க சொன்னாக் கேப்பாங்க, அக்கா."

"போந்தோ இல்லைன்னு சொன்னா, உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்களே."

"கேப்பாங்க," என்றாள். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. "அது தெரிஞ்சவங்கதான் சொல்ல முடியும். இந்த ஊர்ல யாருக்குத் தெரியப் போகுது? எல்லாரும் நல்ல கிறிஸ்தவங்களாச்சே."

இறங்கி வரும் வழியெல்லாம் அந்த வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெறும் பேச்சா, குத்தலா, என்னைத் தெரிந்துகொண்டு சொன்னதா? அவள் எப்படித் தெரிந்துகொள்வாள்? லவினியா ஏதாவது சொல்லியிருப்பாளா? தைக்கும்போது என் வாயில் தானாக வரும் ஒரு பழைய பாட்டு உண்டு. அதை அவள் அங்கே போய்ப் பாடியிருப்பாளா? அன்றைக்கு என்னால் தூங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு அறையில் நனைந்த குடைகளின் நாற்றமும் கற்பூர வாசனையும். எல்லோர் உடம்பிலும் நான் தைத்த கவுன்கள்தான். எந்தத் தையலுக்குள் எந்தக் கிழிசல் மறைந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். கெசையா எழுந்து நேற்று சொன்னதையே இன்னும் கொஞ்சம் பூசி மெழுகிச் சொன்னாள். மூலையில் ஒருத்தி அழ ஆரம்பித்தாள். நான் எழுந்தேன்.

"நான் நேத்து போய்ப் பாத்தேன். அது சுண்ணாம்பு. கூடத்துக்கு வெள்ளையடிக்கிறாங்க. அவ்வளவுதான்."

"உனக்குச் சுண்ணாம்பைக் காட்டினா," என்றாள் கெசையா. "நீயும் நம்பிட்டு வந்துட்ட. உன் பிள்ளை சர்க்கார் உத்தியோகத்துக்குப் போகப் போறாளோ என்னவோ, கண்ணை மறைக்குது."

சிலர் சிரித்தார்கள்.

"போந்தோ இல்லைன்னு அடிச்சுச் சொல்ற," அவள் விடவில்லை. "போந்தோ என்னன்னு தெரிஞ்சவதான் அப்படிச் சொல்ல முடியும். சொல்லு, சிஸ்டர். உனக்குத் தெரியுமா?"

தெரியும் என்றால் வகுப்புத் தலைமை போகும், சபை உறுப்பினர் சீட்டு போகும், நாளைமுதல் நான் உள்நாட்டுக்காரி, லவினியா உள்நாட்டுக்காரி மகள். தெரியாது என்றால் அந்த முக்கோணத்தின் மேல் யாராவது சுண்ணாம்பைப் பூசிவிடுவார்கள். கெசையாவையே பார்த்துக்கொண்டு நின்றேன். அடுப்படியில் அவள் சொன்ன ஒரு வார்த்தை அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேர் வைத்த மறுநாள்தான் குளியல் என்றாளே. வெள்ளைப் பூச்சை ஆற்றில் படகோட்டுகிறவன்கூடப் பார்த்திருப்பான். பேர் வைக்கிற நாளும் குளிக்கிற நாளும் வேலிக்கு வெளியே யாருக்குத் தெரியும்?

வாயைத் திறந்தால் சத்தியம் போகும், மானமும் போகும். நான் வாயைத் திறக்கவில்லை. அத்தனை பேருக்கும் முன்னால் நின்று, கெசையாவின் கண்ணைப் பார்த்தபடி, கையால் அதைச் செய்தேன்.

அவள் கை பதில் சொன்னது.

தொடையருகே, கவுன் மடிப்புக்குப் பக்கத்தில், சின்னதாக. செய்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. அந்தக் கையை வேறு யாருடைய கையையோ பார்ப்பது போலக் குனிந்து பார்த்தாள். முகத்தில் இருந்த துக்கமும் போயிற்று, சந்தோஷமும் போயிற்று, வெறும் முகம் மட்டும் இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றவில்லை. அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அதற்குள் என் கண் தானாக வரிசைகளின் மேல் ஓடியது. இரண்டாம் பெஞ்சில் ஞானப்பாட்டுப் புத்தகத்தின் மேல் ஒரு கையுறை அசைந்து நின்றது. ஜன்னலோரத்தில் இன்னொன்று. குருவானவரின் மைத்துனி சால்வைக்குள் கையை வேகமாக இழுத்துக்கொண்டாள். மற்றவர்கள் ஒன்றும் காணவில்லை. நான் ஈ விரட்டினேன் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

"சுண்ணாம்பாத்தான் இருக்கும்," என்றாள் கெசையா. குரல் கரகரத்தது. "என் கண்ணும் முன்ன மாதிரி இல்ல."

"என்ன சிஸ்டர், இப்பத்தானே சத்தியம் பண்ணாத குறையா..." என்று ஒரு இளம் தாய் தொடங்கினாள்.

"மழைல பாத்தேன்டி! மழைல எது தெளிவாத் தெரியும்? போய் அடுப்பைப் பாருங்க எல்லாரும்."

கலைந்தார்கள். வழக்கமாக வாசலில் நின்று அரைமணி பேசுகிறவர்கள் அன்றைக்குப் பேசவில்லை. சிலர் ஏமாந்த முகத்தோடு போனார்கள். சிலர் யாரையும் பார்க்காமல், கைகளைச் சால்வைக்குள் வைத்தபடி, குடையைக்கூட விரிக்காமல் மழையில் இறங்கினார்கள். கெசையா என்னைக் கடக்கும்போது அவள் தோள் என் தோளில் பட்டது. வேண்டுமென்றா, தெரியாமலா என்று தெரியவில்லை. இனி அவள் என் வீட்டுக்கு வருவாளா, வந்தால் எதற்கு வருவாள் என்று அப்போதே மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

கதவருகே மிஸ் தார்ப் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை. எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறாளோ, எனக்குத் தெரியாது. துணிக்கடைப் பொம்மை போல நேராக, இங்கிலாந்தில் சொல்லிக் கொடுத்த மாதிரி நிமிர்ந்து நின்றாள். விரலிடுக்கில் இன்னும் சுண்ணாம்பு இருந்தது. என்னைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தாள், நன்றி என்பது போல. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தேன். நேற்றுப் பிடித்திருந்த வாளிகள் இன்றைக்கு இல்லை. அவள் இடது கை வலது கையின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது, நகம் பதியும்படி, அவ்வளவு இறுக்கமாக.